மாமல்லபுரத்து கல் தூசும் 300 வருஷத்துக்கு முந்தைய டாக்டரும்: யார் இந்த ராமசினி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குள் நுழைந்தால், கடல் கண்ணில் படுவதற்கு முன்பே கல் அறுக்கும் சத்தம் காதில் விழுந்துவிடும். ஒரு பட்டறையில் உளியும் சுத்தியலும் டக் டக் என்று பேசிக்கொண்டிருக்கும். அடுத்த பட்டறையில் கிரைண்டர் மெஷின் கிர்ரென்று கத்தும். பிள்ளையார், புத்தர், நந்தி, ஆள் உயர அம்மன் என்று நிற்கும் சிலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு தூசு எழும்பும். வேலை செய்கிறவரின் புருவம், மீசை, தலைமுடி எல்லாம் அரிசி மாவு கொட்டினது மாதிரி இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்தத் தூசுதான் விஷயம். அது நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று 1700-லேயே ஒருத்தர் புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். பெயர் பெர்னார்டினோ ராமசினி. இத்தாலிக்காரர். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் அவர் எழுதின நோயாளியை மாமல்லபுரத்திலோ, பல்லாவரம் கல்குவாரிப் பக்கத்திலோ நிறுத்தினால் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

காய்ச்சலில் திரும்பிய இளம் டாக்டர்

ராமசினி பிறந்தது 1633-ல், வட இத்தாலியில் கார்பி என்ற சின்ன ஊரில். சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயர்கள் இடம் வாங்கினது 1639. அதற்கும் 6 வருஷம் முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்மா நகரத்தில் படித்து 1659-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கொஞ்ச நாள் ரோமில் பயிற்சி. பிறகு அதற்கு வடக்கே கிராமப்புறத்தில் மருத்துவராக வேலை. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்தப் பகுதி முழுக்க மலேரியா. வைத்தியம் பார்க்கப் போனவரையே காய்ச்சல் பிடித்துக்கொண்டது. தாங்க முடியாமல் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். வேலை செய்கிற இடமே ஆளை நோயில் தள்ளும் என்பதை அவர் முதலில் தெரிந்துகொண்டது தன் உடம்பிலேயேதான்.

1671-ல் பக்கத்து நகரமான மொடேனாவுக்கு மாறினார். வெளியூர்க்காரர் என்பதால் அங்கிருந்த பழைய டாக்டர்கள் அவரை லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. வாய்ச்சண்டை, எழுத்துச் சண்டை எல்லாம் நடந்தது. 1682-ல் மொடேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். அதன்பிறகு 18 வருஷம் அங்கேதான். ஊரின் ஊற்றுக் கிணறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1691-ல் ஒரு புத்தகம் போட்டார். கொள்ளைநோய் வந்த வருஷங்களில் மழை எப்படி, பயிர் எப்படி, யாருக்கு முதலில் நோய் வந்தது என்று குறித்து வைத்தார். எதையும் நேரில் போய்ப் பார்க்கிற ஆள்.

ஒரு மலக்குழியில் தொடங்கிய புத்தகம்

ராமசினியின் வாழ்க்கையை மாற்றினது ஒரு சாதாரண நாள்தான். மொடேனா நெருக்கமான ஊர். வீடுகளின் மலக்குழிகளைச் சில வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்குழியில் வேலை நடந்துகொண்டிருந்தது.

உள்ளே இறங்கின தொழிலாளி வெறித்தனமாக வேலை செய்வதைப் பார்த்து ராமசினிக்குப் பரிதாபம். ஏன் இப்படி அவசரப்படுகிறாய், மெதுவாகச் செய்யலாமே என்று கேட்டார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, இந்தக் குழிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும், இறங்கிப் பார்க்காதவருக்கு அது புரியாது என்று சொன்னார். ராமசினி அவர் கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். ரத்தமாகச் சிவந்து கலங்கியிருந்தது. வைத்தியம் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தால், வீட்டுக்குப் போய் இருட்டு அறையில் அடைந்துகொள்வோம், வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணைக் கழுவுவோம், அவ்வளவுதான் என்று பதில். அதன்பிறகு ஊருக்குள் தேடினார். இதே வேலை பார்த்துப் பார்வை போனவர்கள் தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மலக்குழியில் ஆள் இறங்கி மூச்சுத் திணறி இறந்த செய்தி தமிழ்நாட்டில் இன்றும் வருகிறது என்பதால், இந்தச் சம்பவத்தை ஏதோ பழங்கதை என்று படிக்க முடியாது.

அன்றைக்குக் குழியைச் சுத்தம் செய்த அந்த ஆளின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. ஆனால் தொழில்நோய் பற்றிய முதல் முழுப் புத்தகம் அவரிடமிருந்துதான் தொடங்கியது.

டாக்டர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

அந்தக் காலத்து டாக்டர்கள் பெரிய வீடுகளுக்குப் போய், பட்டு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து நாடி பார்ப்பவர்கள். ராமசினி கொல்லன் பட்டறைக்குப் போனார். குயவர் வீட்டுக்கும், கண்ணாடிச் சூளைக்கும், மாவு மில்லுக்கும், செங்கல் சூளைக்கும் போனார். ஏழை வீட்டில் நாற்காலி இல்லையென்றால் முக்காலியில் உட்காருங்கள், அவசரப்படாமல் பேசுங்கள் என்று சக டாக்டர்களுக்கு எழுதி வைத்தார்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்து நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல் உண்டு. எத்தனை நாளாக, என்ன காரணம், வயிறு எப்படி, என்ன சாப்பிட்டாய் என்பது மாதிரி. ராமசினி அதில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தார். நீ என்ன வேலை பார்க்கிறாய்?

கேட்க ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி விட்டுப்போனதால் எத்தனை பேருக்குத் தப்பான நோய்க்கு மருந்து போயிருக்கிறது என்பதைக் கல் வேலை செய்பவர்கள் விஷயத்தில் பார்க்கலாம்.

புத்தகம் 1700-ல் மொடேனாவில் லத்தீன் மொழியில் வந்தது. தொழிலாளர்களின் நோய்கள் என்பதுதான் தலைப்பின் பொருள். அப்போது அவருக்கு வயது 67. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். 1713-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பட்டியல் ஐம்பதைத் தாண்டியது. சுரங்கத் தொழிலாளி, முலாம் பூசுபவர், வண்ணான், மருத்துவச்சி, பிணம் புதைப்பவர், மீனவர், நெசவாளி, குமாஸ்தா என்று ஒருத்தரையும் விடவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுபவரின் கை மரத்துப்போவதைக்கூட எழுதியிருக்கிறார்.

கல் வேலை செய்பவர்களுக்கு ஒரு அத்தியாயம்

இப்போது மாமல்லபுரத்துக்கு வருவோம். கல் உடைப்பவர், குவாரி ஆள், சிற்பி மூவரையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தார் ராமசினி. உளி படும்போது தெறிக்கும் கூர்மையான கல் சில்லுகளை இவர்கள் மூச்சோடு உள்ளே இழுக்கிறார்கள், அதனால் ஓயாத இருமல் வருகிறது, சிலருக்கு இளைப்பு, சிலர் உருகி மெலிந்து சாகிறார்கள் என்று பதிவு செய்தார். டச்சு மருத்துவர் டீமர்புரூக் செய்த பிரேதப் பரிசோதனைகளையும் சான்றாகக் காட்டினார். இறந்துபோன கல்தச்சர்களின் நுரையீரலைக் கத்தியால் அறுத்தபோது மணல் மூட்டையை அறுப்பது போல இருந்ததாம்.

மைக்ரோஸ்கோப்பை டாக்டர்கள் யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத காலம். எக்ஸ்ரே வர இன்னும் 195 வருஷம் இருக்கிறது. ஆனாலும் நோய் எங்கே இருக்கிறது, எதனால் வருகிறது என்ற இரண்டும் சரி. இந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர் வைத்தது 1870-ல், இன்னொரு இத்தாலிய மருத்துவர் விஸ்கோன்ட்டி.

உள்ளே நடப்பது இதுதான். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற தாது கலந்திருக்கும். அதில் இருப்பது சிலிக்கா. கல்லை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அது பொடியாகிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமினால் வெளியே வந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசில்தான். 5 மைக்ரானுக்கும் கீழே, அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும். கிருமி என்றால் செரித்துவிடும். இது கல். விழுங்கின செல்தான் செத்துப்போகும். அது வெடித்து வெளியே வரும் துகளை அடுத்த செல் விழுங்கும். இப்படியே போய்ப் போய், பஞ்சு மாதிரி இருந்த இடம் வடுவாக இறுகிவிடும்.

இறுகின வடு மறுபடி பஞ்சாகாது. வேலையை விட்டுவிட்டாலும் சிலருக்கு நோய் தொடர்ந்து முற்றிக்கொண்டே போகும். பெரும்பாலும் 10 வருஷத்துக்கு மேல் தூசில் இருந்தவர்களுக்கு வரும். தூசு ரொம்ப அதிகம் என்றால் 5 வருஷத்திலேயே வரலாம். இதைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. போதாக்குறைக்கு, சிலிக்கா தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது.

உளி போய் கிரைண்டர் வந்தபோது

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பல்லவர் காலத்திலும் இங்கே கல் செதுக்கினார்கள். அப்போது என்ன ஆனது என்று சொல்ல ஏடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் நிச்சயம். கை உளி கல்லைச் சில்லாகப் பெயர்க்கும். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றும் கிரைண்டர் பிளேடு அதை மாவாக அரைக்கும். ஒரு சிலைக்கு மாதக்கணக்கில் ஆன வேலை வாரக்கணக்கில் முடிகிறது. மெல்லிய தூசும் அதே வேகத்தில் கூடுகிறது. 1957-ல் தொடங்கின அரசு சிற்பக் கல்லூரியும், மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இந்தக் கலைக்குப் பேர் சேர்த்தன. ஆர்டர் கூடினால் மெஷினும் கூடத்தானே செய்யும்.

இடையில் ஒரு சுவாரஸ்யம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்கு உலகப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பகுதிக் கல் போனதால், 1893-ல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. சார்னாக் கிட்டத்தட்ட ராமசினியின் வயதுக்காரர். அவர் பெயர் கல்லில் நின்றுவிட்டது. அந்தக் கல்லை வெட்டினவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆச்சு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

டி.பி. என்று சொல்லி அனுப்பிவிட்டால்?

ராமசினியின் கேள்விக்கு வேலை வருவது இங்கேதான். கல் பட்டறை ஆளுக்கு மூணு மாதமாக இருமல், மூச்சு வாங்குகிறது, எடை குறைகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாக நிழல். நம் ஊரில் இதைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். டி.பி. மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். ஆறு மாதம் சாப்பிட்டும் மூச்சு சரியாகவில்லை. திரும்ப ஒரு சுற்று மாத்திரை. என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமா, தூசு வருமா என்று யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும்.

குழப்பம் இதோடு முடியாது. சிலிக்கா புண்ணாக்கின நுரையீரலில் டி.பி. கிருமி சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது டி.பி. மாத்திரை கட்டாயம் வேண்டும். ஆனால் அதை முடித்துவிட்டு அதே தூசுக்கே திரும்பிப்போனால் என்ன பலன்? செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நுரையீரல் சிகிச்சையில் பழைய வரலாறு உண்டு. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தொடங்கின தாம்பரம் சானடோரியம், பிற்பாடு அரசின் நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. கல் வேலை ஆட்கள் அங்கே போனாலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களே வேலையைச் சொல்லிவிடுவது நல்லது. எத்தனை வருஷம், கையில் உளியா மெஷினா, தண்ணீர் விட்டு அறுப்பதா காய்ந்த கல்லா என்பது வரைக்கும் சொல்லலாம்.

ராமசினி சொன்ன வழி போதுமா?

இதில் ராமசினியை ரொம்பத் தூக்கிவைக்கவும் கூடாது. தூசு வேலை செய்பவர்களுக்கு அவர் சொன்னதெல்லாம் மூக்கையும் வாயையும் துணியால் மூடு, காற்றோட்டமான இடத்தில் நில், முகத்தைக் கழுவு, முடிந்தவரை தூசை இழுக்காதே என்பதுதான். பல அத்தியாயங்களில் அவருக்கே நம்பிக்கை இல்லாமல், நோய் முற்றுவதற்குள் வேலையை விட்டுவிடு என்று முடிக்கிறார். கூலிக்காரனால் அது முடியுமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பேதி மருந்து, ரத்தம் எடுப்பது என்று அந்தக் காலத்து வைத்தியமும் உண்டு. அவற்றை இன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள்.

துணி விஷயத்தில் இன்று தெளிவாகத் தெரிந்தது: துண்டோ கைக்குட்டையோ கட்டினால் பெரிய தூசு நிற்கும், நுரையீரலைக் கெடுக்கும் சின்னத் தூசு தாராளமாக உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய மாஸ்க்கும் அப்படியே. குறைந்தது என்-95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். மே மாதம், கடலோரப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் தொழில் மருத்துவத்தில் மாஸ்க்கைக் கடைசி வழியாக வைக்கிறார்கள்.

முதல் வழி, தூசு எழும்பாமலே பார்த்துக்கொள்வது. பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் ஓடினால் தூசு சேறாகக் கீழே போய்விடும். காற்றில் கலப்பது பெருமளவு குறையும். பட்டறைகளில் இதைச் செய்யத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. கல்லில் செங்காவியால் போட்ட குறி அழிந்துபோகும். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும். தண்ணீர் வசதியோடு வரும் மெஷினும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் பிரேக்கரும் இருந்தால்தான் இது பாதுகாப்பு. காசு செலவாகும். நுணுக்கமான முக வேலைக்குத் தண்ணீர் ஒத்துவராத இடத்தில், வெட்டும் இடத்திலேயே தூசை உறிஞ்சும் குழாய் வைக்கலாம். காசில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு: தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்து அள்ளுவது, கடற்காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி உட்காருவது, மெஷின் வேலையை ஒரு பக்கமாக ஒதுக்குவது, தூசு படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காமல் இருப்பது, பீடியை விடுவது. காற்றை நம்பி மட்டும் இருக்க முடியாது. உங்களிடமிருந்து அது கொண்டுபோகும் தூசு பக்கத்துப் பட்டறைக்குத்தான் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. சிலிக்கோசிஸ் வந்தால் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. நஷ்டஈடு தர வேண்டிய நோய்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி தொழிற்சாலை என்றால் மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு ஸ்தபதி, ரெண்டு கையாள், மூங்கில் கம்பில் தார்ப்பாய் கட்டின பட்டறை அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

ராஜஸ்தான் இதில் ஒரு படி முன்னால் போனது. அங்கே சிரோஹி மாவட்டத்து பிண்ட்வாராவில் உலகம் முழுக்கப் போகும் கோயில் தூண்களைச் செதுக்கும் ஆட்களுக்கு இதே நோய். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019-ல் அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. மருத்துவக் குழு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பணக்கார நாடுகளும் தப்பவில்லை. கிச்சன் மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் கல்லை அறுத்த இளைஞர்களுக்கு நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

பதுவையில் கடைசி வருஷங்கள்

புத்தகம் வந்த அதே 1700-ல் ராமசினிக்குப் பதுவை பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பதுவை அந்தோணியார் என்று நம் ஊர்க் கோயில்களில் கும்பிடுகிறார்களே, அதே பதுவைதான். ஐரோப்பாவில் மருத்துவம் படிக்கப் பெரிய இடம். 67 வயதில் புது ஊர், புது வேலை.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. படபடப்பு, தலைவலி. கண் பார்வை மங்கிக்கொண்டே வந்து கடைசியில் கிட்டத்தட்ட போய்விட்டது. மலக்குழித் தொழிலாளியின் கண்ணைப் பார்த்து எழுத ஆரம்பித்தவர், கடைசி வருஷங்களில் மற்றவர்கள் படித்துச் சொல்லக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அப்படியும் 1713-ல் புத்தகத்தைப் பெருக்கி இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் தன் புத்தகத்தில் இவரைக் குறிப்பிட்டார். கார்ல் மார்க்ஸும் மூலதனத்தில் குறிப்பிட்டார். 1982-ல் உலகத் தொழில் மருத்துவர்கள் சேர்ந்து அவர் பெயரிலேயே தொடங்கின சங்கம் கார்பி ஊரில் இருக்கிறது.

1714 நவம்பர் 5. வயது 81. பார்வை இல்லை, பல்கலைக்கழகத்தில் அன்றைக்கு வகுப்பு இருந்தது. பாடம் எடுக்கக் கிளம்பினவருக்குப் பக்கவாதம் வந்து, அன்றைக்கே உயிர் பிரிந்தது.